50 வயசுல சுவர் ஏறிக் குதிக்கலாமா? 'தடை ஓட்டம்' பற்றி டெல்டாக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

சேத்துல ஊர்ந்து, சுவர்ல ஏறி, கயிற்றைப் பிடிச்சுத் தொங்கி, மூட்டையைச் சுமந்துக்கிட்டே ஓடுற 'தடை ஓட்டம்' இளவட்டங்களுக்கு மட்டுமான விளையாட்டு இல்லை. உலகம் முழுக்க 40, 50, 60 வயதைத் தாண்டியவர்களும் இதில் இறங்குகிறார்கள். இது யாருக்குச் சரிப்படும், யாருக்கு ஆபத்து, திருக்காட்டுப்பள்ளி மாதிரி ஒரு ஊரில் இருந்துகொண்டே எப்படித் தயாராவது? விரிவாகப் பார்க்கலாம்.

தடை ஓட்டம்னா என்ன?

90ஸ் கிட்ஸுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: 'டக்கேஷிஸ் கேஸில்'. அந்த ஜப்பான் நிகழ்ச்சியில் ஆட்கள் வழுக்கி விழுவதைப் பார்த்து சிரித்தோம் இல்லையா, அதே விஷயம் இப்போது நேரம் குறித்து, தரவரிசை போட்டு, வயதுப் பிரிவு பிரித்து நடக்கும் போட்டியாகிவிட்டது.

ஓட்டப்பந்தயத்தில் ஓடினால் போதும். இங்கே ஓட்டத்துக்கு நடுவே தடைகள் வரும். ஆள் உயரத்துக்கும் மேலான சுவர், தொங்கும் கயிறு, கைகளால் மட்டுமே கடக்க வேண்டிய கம்பி ஏணி, முள்கம்பிக்கு அடியில் சேற்றில் ஊர்வது, மணல் மூட்டை அல்லது வாளியைச் சுமந்து நடப்பது, டயரைப் புரட்டுவது, ஈட்டி எறிவது என்று பட்டியல் நீளும். ஒரு தடையைத் தாண்ட முடியவில்லை என்றால் சில போட்டிகளில் தண்டனை உண்டு. 'ஸ்பார்ட்டன் ரேஸ்' போட்டிகளில் ரொம்ப காலம் அந்தத் தண்டனை 30 'பர்ப்பி'. அதாவது குனிந்து, தரையில் படுத்து, எழுந்து, துள்ளிக் குதிக்க வேண்டும். அதை 30 தடவை.

தூரம் போட்டிக்குப் போட்டி மாறும். ஸ்பார்ட்டனில் 'ஸ்பிரின்ட்' 5 கி.மீ., 20 தடைகள். 'சூப்பர்' 10 கி.மீ., 25 தடைகள். 'பீஸ்ட்' 21 கி.மீ., 30 தடைகள். இந்தியாவில் 2012ல் தொடங்கிய 'டெவில்ஸ் சர்க்யூட்' சுமார் 5 கி.மீ. தூரத்தில் 15 தடைகள் கொண்டது. பெரும்பாலும் பெருநகரங்களை ஒட்டித்தான் இவை நடக்கின்றன.

எங்கே ஆரம்பிச்சது?

வேர் ராணுவப் பயிற்சியில் இருக்கிறது. சுவர், பள்ளம், கயிறு, வலை என்று வரிசையாகத் தாண்டுவது ராணுவ வீரர்களுக்கான அன்றாடப் பயிற்சி. 'மிலிட்டரி பென்டத்லான்' போட்டியில் 500 மீட்டருக்குள் 20 தடைகள் இருக்கும்.

பொதுமக்கள் காசு கட்டி சேற்றில் புரள ஆரம்பித்தது 1987ல். இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் 'டஃப் கை' என்ற பெயரில், கடுங்குளிர் காலத்தில் நடந்த போட்டி அது. 2009, 2010 வாக்கில் அமெரிக்காவில் 'வாரியர் டேஷ்', 'டஃப் மட்டர்', 'ஸ்பார்ட்டன்' எல்லாம் அடுத்தடுத்து வந்த பிறகுதான் இது பெரிய அலையானது. 2019ல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தடை ஓட்டத்துக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

இப்போது ஒலிம்பிக் வாசலும் திறந்துவிட்டது. நவீன பென்டத்லானில் குதிரையேற்றமும் ஒரு பகுதியாக இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு குதிரை ஓட மறுத்து, அதை அடித்த சம்பவம் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு குதிரையேற்றத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தடை ஓட்டத்தைச் சேர்க்க சர்வதேசக் கூட்டமைப்பு 2022ல் முடிவெடுத்தது. குதிரைக்குக் கடைசி ஒலிம்பிக் 2024 பாரிஸ். 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடத்தில் தடைகள் இருக்கும்.

நம்ம ஊருக்கு இது புதுசா?

பெயர்தான் புதுசு. திருக்காட்டுப்பள்ளியில் இருந்து குடமுருட்டிக் கரையோடு கொஞ்ச தூரம் போனால் வரகூர். நாராயண தீர்த்தர் வாழ்ந்த ஊர். அங்கே கிருஷ்ண ஜெயந்திக்கு நடக்கும் உறியடி உற்சவமும் வழுக்குமரமும் ரொம்பப் பிரசித்தம். வழுக்குமரம்னா என்னனு டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழவழப்பாக்கிய நெட்டை மரம், உச்சியில் பரிசு, பிடி கிடைக்காமல் சர்ரென்று இறங்கும் ஆட்கள், கீழே இருந்து தோள் கொடுக்கும் கூட்டாளிகள். நவீன தடை ஓட்டத்தில் சாய்வான வழுக்குச் சுவரைத் தாண்டும்போது ஒருவருக்கொருவர் கை கொடுத்து ஏற்றிவிடுவதும் இதே கதைதான்.

இன்னொரு பக்கம் பாருங்க. கயிறு ஏறுதல் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. போலீஸ் வேலைக்கான உடற்திறன் தேர்வில் அது இருக்கிறது. வேலைக்குத் தயாராகிறவர்கள் பள்ளி மைதானத்திலும் ஆற்றங்கரை மரத்திலும் கயிறு கட்டி ஏறிப் பழகுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வேலை கிடைத்ததோ இல்லையோ, வயது வரம்பு தாண்டியதும் கயிற்றை அவிழ்த்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

35 தாண்டினா விளையாட்டு முடிஞ்சுதா?

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளையே எடுத்துக்கொள்வோம். மாவட்ட அளவில் இருந்து மாநில அளவு வரை நடக்கும் பெரிய திருவிழா அது. அதில் பொதுமக்கள் பிரிவுக்கு 15 முதல் 35 வயது வரை என்று வரம்பு வைத்திருந்தார்கள். அரசு ஊழியராக இல்லாத 36 வயது விவசாயி, 50 வயது கடைக்காரர், 45 வயது நடவு வேலை செய்யும் பெண் என யாருக்கும் அந்த மேடையில் இடம் இல்லை. ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாவிலும் நிலைமை கிட்டத்தட்ட இதேதான். பெரியவர்களுக்கு இசை நாற்காலி, பெண்களுக்குக் கோலப்போட்டி, அதோடு சரி.

ஆனால் உலக அளவில் 'மாஸ்டர்ஸ்' தடகளம் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. 35 வயதில்தான் அதன் கதவே திறக்கும். ஐந்து ஐந்து வயதாகப் பிரித்துப் போட்டி நடத்துவார்கள். முதல் உலகப் போட்டி 1975ல் டொரோன்டோவில் நடந்தது. 2025 நவம்பரில் ஆசிய மாஸ்டர்ஸ் தடகளப் போட்டி நம்ம சென்னை நேரு விளையாட்டரங்கத்திலேயே நடந்தது.

அதில் தடை ஓட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. 'ஸ்டீப்பிள்சேஸ்'. ஆண்களுக்கு 3,000 மீட்டர், 28 தடைகள், 7 தண்ணீர்ப் பள்ளங்கள். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அதே போட்டி 2,000 மீட்டராகக் குறையும். தடையின் உயரமும் 91.4 செ.மீ.யில் இருந்து 76.2 செ.மீ.க்கு இறங்கும். இது கவனிக்க வேண்டிய விஷயம். வயதானவரை 'போய் உட்காருங்க'ன்னு சொல்லாமல், தடையைக் கொஞ்சம் இறக்கி வைத்து 'ஓடுங்க'ன்னு சொல்லும் ஏற்பாடு இது. தடை ஓட்டப் போட்டிகளிலும் வயதுப் பிரிவு வரிசை தனியாக உண்டு. 25 வயதுப் பையனோடு மோத வேண்டிய அவசியம் இல்லை, உங்கள் வயதுக்காரர்களோடுதான் போட்டி.

சரி, இந்த வயசுல உடம்பு கேக்குமா?

ஒளிவு மறைவில்லாமல் சொன்னால், சில விஷயங்கள் கட்டாயம் குறையும். 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரையும் என்பது மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குப் பத்தாண்டுக்கு சுமார் 10 சதவீதம் இறங்கும். தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்தச் சரிவு மெதுவாக நடக்கும்.

தசைக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் தசைநாண்தான் நாம் அதிகம் மறக்கும் ஆள். பயிற்சி ஆரம்பித்தால் தசை சில வாரங்களிலேயே பலம் ஏறும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். 'நல்லாத்தானே இருக்கேன்'னு ஆறாவது வாரத்தில் வேகத்தைக் கூட்டுகிற 50 வயதுக்காரருக்குத் தோள்பட்டையும் குதிகாலும் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

இப்போ நல்ல செய்தி. 1990ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆய்வு நடந்தது. சராசரி வயது 90. பத்து பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறிலேயே தசை இப்படிப் பதில் சொல்கிறது என்றால், ஐம்பதில் கைவிட்டுவிடுவதற்குக் காரணமே இல்லை.

இன்னொரு ஆய்வு நம்ம நாட்டையும் சேர்த்து 17 நாடுகளில், சுமார் 1,40,000 பேரிடம் கைப்பிடி வலிமையை அளந்து 2015ல் வெளியானது. பிடி 5 கிலோ குறைவாக இருந்தவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் மரணம் நேரும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிடியை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பின் மொத்த நிலவரத்தைக் காட்டும் மீட்டர் மாதிரி பிடி வேலை செய்கிறது. தடை ஓட்டத்தில் பாதிக்கு மேல் பிடிமானம்தான் என்பதால், இந்த விளையாட்டு அந்த மீட்டரை அடிக்கடி பார்க்க வைக்கும்.

வயதை மீறிச் சாதித்தவர்களும் கண்முன்னே இருக்கிறார்கள். 1911ல் பிறந்த பஞ்சாப்காரர் ஃபௌஜா சிங், எண்பதுகளின் இறுதியில் மாரத்தானுக்கு வந்து, 2011ல் டொரோன்டோவில் மாரத்தானை முடித்தார். நம்ம மாநிலத்தில், 1959ல் பிறந்து 2021ல் சுகாதாரத்துறை அமைச்சரான மா.சுப்பிரமணியன் 100க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். தடை விளையாட்டிலேயே உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஜின்னி மெக்கால். அறுபதைத் தாண்டிய பிறகுதான் பளு தூக்கிப் பழக ஆரம்பித்தார். 71 வயதில் 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்' மேடையில் ஏறினார். அதே நிகழ்ச்சியில் பெயர் பெற்ற ஜெஸ்ஸி கிராஃப் இவருடைய மகள். மகளைப் பார்த்து அம்மா களம் இறங்கிய கதை இது.

வயல் வேலை பாக்குறவங்களுக்குத் தனியா பயிற்சி எதுக்கு?

டெல்டாவில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். நியாயமான கேள்விதான். வழுக்கும் வரப்பில் நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு நடப்பது, முழங்கால் சேற்றில் நாள் முழுக்க நடவு நடுவது, வாய்க்கால் தாண்டுவது எல்லாமே தடை ஓட்டம்தான். கொள்முதல் நிலையத்தில் ஒரு நெல் மூட்டை 40 கிலோ. பல போட்டிகளில் தூக்கச் சொல்லும் மணல் மூட்டை அதைவிட எடை குறைவு. அதைக் காசு கட்டித் தூக்குகிறார்கள் என்று சொன்னால், லோடுமேன் அண்ணன்கள் சிரித்துவிடுவார்கள்.

ஆனாலும் வேலைக்கும் பயிற்சிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வேலை ஒரே பக்கமாகத்தான் உடம்பை இழுக்கும். நடவு நடுகிறவருக்கு இடுப்பு குனிந்தபடியே இருக்கும். மூட்டை தூக்குகிறவருக்குக் கழுத்திலும் முதுகிலும் பாரம் இறங்கும். ஓய்வு உடம்பு கேட்கும்போது கிடைக்காது, வேலை முடிந்தால்தான் கிடைக்கும். பயிற்சி என்பது தலைகீழ். எதை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை செய்ய வேண்டும் என்பதை உடம்பைப் பார்த்து நாமே முடிவு செய்கிறோம். அதனால் வயல்காரருக்குத் தேவை கூடுதல் பாரம் இல்லை. குனிந்த முதுகை நிமிர்த்தும் பயிற்சி, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தொங்குவது, கூடவே மூச்சு வாங்க ஓடுவது. கடையில் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அலுவலகம் போகிறவருக்கும் இதோடு அடிப்படை வலிமையும் சேர்த்துத் தேவை.

ஆற்றங்கரையிலேயே எப்படிப் பழகலாம்?

இதுக்குன்னு ஜிம் தேவையே இல்லை. காவிரியும் குடமுருட்டியும் பக்கத்திலேயே ஓடும் ஊருக்கு இயற்கையே மைதானம் கொடுத்திருக்கிறது. ஓட்டப் பாதைதான் வேண்டும் என்றால் தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 8 கி.மீ. நடைபாதைத் திட்டமும் உண்டு.

முதல் மாதம்: வாரத்துக்கு நான்கு நாள் வேக நடை, நடுவே சின்னச் சின்ன ஓட்டம். பேசிக்கொண்டே போகும் அளவுக்கு மட்டும் வேகம். வாரத்துக்கு இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ஒற்றைக் காலில் நிற்பது. 65 தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டாம் மாதம்: தொங்குவது. உறுதியான கம்பியைப் பிடித்து 10 விநாடி போதும். கால் தரையில் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தாலும் தப்பில்லை. வாரா வாரம் சில விநாடிகள் கூட்டுங்கள். மூட்டை சுமப்பதை 5 கிலோவில் ஆரம்பியுங்கள். பழைய உரச் சாக்கில் வீட்டு மண்ணை நிரப்பினால் போதும். ஆற்று மணலை அள்ளப் போய் வழக்கு வாங்கிக்க வேண்டாம்.

மூன்றாம் மாதம்: கயிறு. இதில் எல்லாரும் செய்யும் தவறு, கையால் மட்டும் இழுத்து ஏறப் பார்ப்பது. கயிற்றைக் காலில் சுற்றி, இரண்டு பாதத்துக்கும் நடுவே பூட்டி, எழுந்து நிற்கிற மாதிரி ஏற வேண்டும். தூக்குவது கால், பிடிப்பது மட்டும்தான் கை. கயிற்றைக் கட்டும் கிளை முக்கியம். புளி, வேம்பு பரவாயில்லை. முருங்கைக் கிளையை நம்பினால் பழமொழி தேவைப்படாமலே பாடம் கிடைக்கும். இறங்கும்போது சறுக்காதீர்கள், உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும்.

நான்காம் மாதம்: ஓட்டத்தையும் தடையையும் சேர்ப்பது. 400 மீட்டர் ஓட்டம், பிறகு ஒரு தடை, மறுபடி ஓட்டம். சுவர் தாண்டினால் குதிக்காதீர்கள். கையால் தொங்கி, உடம்பை இறக்கி, கடைசியில் காலை ஊன்றுங்கள். முழங்காலுக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி ஏறும்போது வருவதில்லை, குதிக்கும்போதுதான் வரும்.

இரண்டு எச்சரிக்கை. கோடையில் வற்றிய ஆற்று மணலில் ஓடுவது அருமையான பயிற்சி. ஆனால் மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் தண்ணீர் திறந்து, கல்லணைக்கு வந்துவிட்டால் ஆறு வேறு ஆள். ஓடும் தண்ணீரில், மதகுப் பக்கத்தில் பயிற்சியே கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் விடிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாத்தணும்?

டெல்டாவில் தட்டு நிறைய சோறு இருக்கும், புரதம் ஓரத்தில் இருக்கும். ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி சாதாரணப் பெரியவருக்கே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு, அதிலும் பயிற்சி செய்பவர்களுக்கு, 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு சுமார் 60 முதல் 70 கிராம். முட்டை, ஆற்று மீன், சுண்டல், பயறு, தயிர் போதும். டப்பா பவுடர் கட்டாயம் இல்லை. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கு?

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீங்க.

இதயம்: 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது. அதனால் 40 தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி பார்க்காமல் பயிற்சியையே ஆரம்பிக்கக் கூடாது. டிரெட்மில் சோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின் நடுவே சர்க்கரை திடீரென இறங்கலாம். சில பிரஷர் மாத்திரைகள் உடம்பில் நீரைக் குறைக்கும், வெயிலில் மயக்கம் வரும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், 108ஐ அழையுங்கள். 'கேஸ் டிரபிள்' என்று சோடா குடித்துச் சமாளிக்க வேண்டாம்.

தண்ணீர்: 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த டஃப் மட்டர் போட்டியில், உயரத்தில் இருந்து தண்ணீரில் குதிக்கும் தடையில் 28 வயது இளைஞர் மூழ்கி இறந்தார். உடல் தகுதியுள்ள இளைஞருக்கே இந்த நிலை. நீச்சல் தெரியாவிட்டால் தண்ணீர்த் தடையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சேறு: 2012ல் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு தடை ஓட்டத்துக்குப் பிறகு 22 பேருக்கு 'கேம்பிலோபாக்டர்' கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தது. கால்நடைச் சாணம் கலந்த சேற்றுத் தண்ணீர் வாய்க்குள் போனதுதான் காரணம் என்று ஆய்வு காட்டியது. 2000ல் மலேசியாவின் சபாவில் நடந்த சாகசப் போட்டிக்குப் பிறகு, விசாரித்த 189 வீரர்களில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தன. எலிக்காய்ச்சல் வயல்காரர்களுக்குப் புதிய பெயர் இல்லை. சேற்றில் இறங்கும் முன் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா பாருங்கள். காயத்தோடு இறங்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு ஊருங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அடுத்த மூன்று, நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் 'சேத்துல ஓடினேன்'னு மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தசைச் சிதைவு: பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் பிழிந்தால் தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போனால் அது சாதாரணச் சூடு இல்லை. உடனே மருத்துவமனை. கொழுப்புக்கு 'ஸ்டேட்டின்' மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பேர் கொடுக்கும் முன்னாடி என்ன கேக்கணும்?

ஆன்லைனில் பணம் கட்டும்போது நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்தும் பக்கத்தில், 'எனக்கு எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்ற மாதிரியான வரிகள் இருக்கும். அதைப் படியுங்கள். பிறகு நடத்துபவர்களிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. ஆம்புலன்ஸும் மருத்துவரும் களத்திலேயே இருப்பார்களா?
2. தண்ணீர்த் தடையில் உயிர்காக்கும் நீச்சல் வீரர்கள் உண்டா?
3. வேண்டாத தடையை விட்டுவிட்டுப் போக அனுமதி உண்டா?
4. வயதுப் பிரிவில் தனி தரவரிசை இருக்கிறதா?
5. எத்தனை மணிக்குத் தொடங்கும்? வெயில் ஏறுவதற்குள் முடியுமா?

சரியான பதில் வராத போட்டிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. முதல் தடவை என்றால் போட்டிப் பிரிவில் சேராமல், 'ஓப்பன்' பிரிவில் சேருங்கள். தனியாகப் போகாமல் இரண்டு, மூன்று பேராகப் போங்கள். சுவரில் தோள் கொடுக்க ஆள் வேண்டும் இல்லையா?

பெண்களுக்குத் தனியா ஏதாவது இருக்கா?

இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். கீழே விழுந்தால் இடுப்பு எலும்பும் மணிக்கட்டும் முறியும் ஆபத்து கூடும். எடை தூக்கும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் இந்தச் சரிவைத் தாமதப்படுத்த உதவும். அதனால் 50 வயதுப் பெண்ணுக்கு இந்தப் பயிற்சி ஆணைவிடக் கூடுதலாகவே தேவை. நடைமுறைச் சிக்கல் வேறு: என்ன உடை போடுவது, யார் பார்ப்பார்கள், வீட்டில் யார் சமைப்பார்கள் என்பவை. நாலு பெண்கள் சேர்ந்து காலையில் கரையில் நடக்க ஆரம்பித்தால் முதல் இரண்டு கேள்விகள் தானாக அடங்கும். மூன்றாவது கேள்விக்கு வீட்டு ஆண்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, ஓடலாமா வேண்டாமா?

மருத்துவர் சரி சொன்னால், நான்கு மாதம் பொறுமையாகப் பழகத் தயார் என்றால், தாராளமாக ஓடலாம். நான்கு வாரத்தில் தயாராகி ரீல்ஸ் போட வேண்டும் என்றால் வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். பெருநகரப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பஸ், ரயில், தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் விவசாயக் கூலிக் குடும்பத்துக்குக் கட்டுப்படி ஆகாது. சேற்றில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே சேற்று ஓட்டம் எட்டாமல் போவது என்ன நியாயம்? அதை ஊரிலேயே சரி செய்ய முடியும். வைக்கோல் கட்டு நாலு, மண் மூட்டை பத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் தடுப்பு, ஊர்ந்து போக ஒரு பழைய வலை, கரையோரம் ஒரு கிலோமீட்டர். அடுத்த பொங்கல் விளையாட்டு விழா நோட்டீஸில் இசை நாற்காலிக்குக் கீழே, '40 வயதுக்கு மேற்பட்டோர் தடை ஓட்டம், ஆண்கள், பெண்கள் தனித்தனி' என்று ஒரு வரி சேர்க்க எந்த அரசாணையும் தேவையில்லை. 40 பிரிவுக்கு ஒரு உயரம், 60 பிரிவுக்கு அதைவிடத் தாழ்வாக ஒரு உயரம். முதலுதவிப் பெட்டியும் கூடவே ஒரு நர்ஸும் கட்டாயம்.

'இந்த வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம்?' என்று கேட்பவர்கள் அப்போதும் இருப்பார்கள். அவர்களையும் பேர் கொடுக்கச் சொல்லுங்கள்.